நன்மை செய்யும் பூச்சிகள்

இளவழகன் வெறுங்கையால்தான் அந்தப் புழுவைப் பிடித்தார்.

பிடித்த மறுகணமே "ஐயோ" என்று உதறினார். கண்ணுக்குத் தெரியாத முள்ளெல்லாம் விரல்களில் இறங்கிவிட்டன. ரோஸ் நிறத்தில், மரவட்டையைவிட நீளமாக, உடம்பின் இரு பக்கமும் மயிர் வைத்த அந்தப் புழு கூடத்துத் தரையில் சுருண்டு கிடந்தது.

"ஒழிஞ்சுது சனியன்" என்றார் மனைவி அம்சத்திடம், வென்றவரின் குரலில். விரல் நெருப்பாக எரிந்தது.

அன்று காலையில்தான் குடவாசல் பக்கம் ஒரு வரப்பில் நின்று, வேளாண்மை உதவி இயக்குநர் என்ற முறையில், விவசாயிகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தார். பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள். சிலந்தியும் தட்டானும் பயிருக்குக் காவல். எது நன்மை செய்வது, எது தீமை செய்வது என்று பார்த்துப் பழகுங்கள். இருபது வருடமாக இதே பேச்சுதான். கைதட்டல்கூட உண்டு.

வீட்டுக்குள் இருந்த கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மட்டும் அந்தப் பேச்சு அவருக்கே ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நாளாகத் தொட்டியில் வளர்ந்த உயிர்ப் பவளங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. நாற்றுப் போலப் பச்சையாக அசைந்துகொண்டிருந்த ஒன்று, ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கரண்ட் போன ஒரு மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். பவளத்தின் அடியிலிருந்து இந்த மாதிரிப் புழுக்கள் எட்டிப் பார்த்தன.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதினார். இறால் துண்டை வைத்து ஆசை காட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து ஒழித்தார். கடைசிப் புழுவுக்கு இடுக்கி தேட அவசரம் விடவில்லை.

அந்தச் சோகத்திலும் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. பாறையில் புதிதாக முளைத்திருந்த பூக்கள். பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற உடம்பு, உச்சியில் மெல்லிய விரல்கள். யாரும் வாங்கி வைக்காமல் தானாக வந்தவை. எல்லாம் தன் கைராசி என்று நம்பினார். பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் அவற்றுக்கு இறால் சாறு ஊட்டினார். அவையும் வஞ்சகமில்லாமல் குடித்துக் குடும்பம் பெருக்கின. படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "சார் கை வச்சா கல்லுலயும் பூக்கும்" என்று ஒருவர் எழுதியதை அம்சத்துக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

"இந்த உப்புத்தண்ணியக் கட்டிக்கிட்டு ஏண்ணே அழுவுறீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று ஒருநாள் வந்திருந்த தங்கை ஆனந்தவல்லி கேட்டாள்.

"கண்ணாடி கனம். தூக்க ஆள் வேணுமே" என்றார். நடவுக்கே நடை நடையாய் நடந்து ஆள் பிடித்துக் கொடுக்கிற மனிதர்.

புழுக்கள் ஒழிந்தும் பவளம் தேறவில்லை. தண்ணீர் கலங்கி வாடை வேறு அடித்தது.

"இர்பானைக் கேட்டா என்ன?" என்றாள் அம்சம்.

இர்பான் கூத்தாநல்லூர்க்காரன். பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்தவன். தொட்டியை வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். இப்போது துபாயில் பெரிய மீன் காட்சியகம் ஒன்றில் வேலை. அவனிடம் கேட்பதைவிடத் தொட்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்துவிடலாம் என்றார் இளவழகன்.

அடுத்த வாரம் பச்சைப் பவளத்தில் பாதி வெள்ளையாகிவிட்டது. அவரே போனை எடுத்தார்.

அம்சம் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஐ.எம்.ஓ. வீடியோ காலில் இவர் முகம் தெரிந்ததும் இர்பான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். இவர் நலம் விசாரிக்கவில்லை.

"தொட்டியப் பாருப்பா" என்று கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார்.

அவன் பார்த்தான். புழுவேட்டைக் கதை முழுவதையும் கேட்டான். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினான்.

"சார், அந்தப் புழு நல்லதுங்க. மிச்சம் மீதியெல்லாம் தின்னு தொட்டியச் சுத்தமா வச்சிருந்தது அதுதான். நீங்க ஊட்டி வளத்தீங்களே, அந்தப் பூ... அதுவும் ஒரு பிராணிதாங்க. அதுதான் பவளத்தக் கொட்டிக் கொட்டிக் கொல்லுது."

இருபது வருடக் கைதட்டலும் இளவழகன் காதில் மொத்தமாகக் கேட்டது. நல்லவேளை, விவசாயிகள் யாரும் கூடத்தில் இல்லை.

"நானும் மொத வருஷம் இதேதாங்க சார் பண்ணேன்" என்றான் இர்பான் அவசரமாக. அந்தப் பூவைப் பிடுங்கினால் இன்னும் பெருகும், கை வைக்காதீர்கள். அதைத் தின்னவென்றே ஒரு சின்ன இறால் இருக்கிறது. சென்னையில் தெரிந்த கடையில் சொல்லி அனுப்பிவைக்கிறேன் என்றான்.

அப்போது அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"யாரு இர்பான்?" என்ற ஒரு பெண்குரல், திரையைப் பார்த்ததும் நின்றுபோனது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அது... எங்க வீட்டுத் தொட்டிதானே?"

செம்மொழி. இவர்களின் ஒரே மகள். இர்பானைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, மூன்று வருடமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இளவழகன் கேமராவைத் தன் பக்கம் திருப்பினார்.

"கடைக்கெல்லாம் சொல்லவேணாம்" என்றார் இர்பானிடம். "ரெண்டு பேருமா வந்து அந்த இறால நீங்களே விட்டுட்டுப் போங்க, மாப்பிள்ளை."