பெரிய டாக்டரின் கையால்

"முகமூடியைக் கழட்டுங்க. மூஞ்சியைப் பார்த்தாத்தான் படுப்பேன்."

ஆபரேஷன் மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மால்சுக் இப்படிச் சொன்னதும், எதிரே நின்றவர் தயங்கித் தயங்கி முகமூடியை இறக்கினார். சின்ன வயசுக்காரர். மூன்று நாளாய்த் தூங்காத கண்கள்.

"நெனச்சேன்! இவரு பெரிய டாக்டர் இல்லையே. யாரு காதுல பூ சுத்தறீங்க?"

சியோல் மீன் சந்தையில் முப்பது வருஷமாகக் கடை போட்டிருப்பவள் மால்சுக். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவள் தலையில் கட்ட இதுவரை யாரும் பிறக்கவில்லை.

மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தியம்மாள் போன மாதமே கண்ணிமையைத் தூக்கித் தைத்துக்கொண்டு, பத்து வயது குறைந்து மினுக்கிக்கொண்டு திரிகிறாள். கல்யாணப் படத்தில் அவள் பக்கத்தில் தொங்கிப்போன இமையோடு நிற்பதா என்று மால்சுக்குக்கு வயிறு எரிந்தது.

வயிற்றெரிச்சலோடு பயமும் இருந்தது. பக்கத்துக் கடை போக்சுன் இதே ஆசையில் வேறொரு கிளினிக்குக்குப் போனாள். மயக்க ஊசியில் அவள் தூங்கியதும், இனிக்க இனிக்கப் பேசிய டாக்டர் நழுவிவிட்டார். யாரோ முன்பின் தெரியாத ஆள் வந்து கத்தி வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து போக்சுன் தூங்கினாலும் அவளுடைய இடது கண் தூங்குவதில்லை. மத்தியானம் கண்ணசந்தால் வாடிக்கையாளர்கள் அந்தக் கண்ணைப் பார்த்து விலை கேட்கிறார்கள்.

அந்தக் கதி தனக்கு வரக் கூடாது என்று மால்சுக் ஒரு மாதம் இணையத்தைத் துருவினாள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பெரிய டாக்டரின் பட்டம் நிஜம்தானா? நிஜம். அவர் கையாலேயே செய்வாரா? செய்வார். ஏதாவது விபரீதம் என்றால் பார்க்க மயக்க மருந்து டாக்டர் உண்டா? உண்டு. ஆபரேஷன் அறையில் கேமரா? கேட்டால் ஓடவிட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆலோசகி சூயோன் தலையில் நீலக் குல்லாயை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கிளினிக்கில் டாக்டர்களைவிட அதிகம் பேசுவது அவள்தான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நம்ம கூ டாக்டர் கை ரொம்ப நிதானமான கை. இந்த வருஷம் மட்டும் எண்ணூறு பேருக்குக் கண்ணு பண்ணியிருக்கார்."

"பண்ணட்டும், நல்லா இருக்கட்டும். பஸ்ல ஒட்டியிருக்கறது இவரு மூஞ்சியா?"

"இல்லைம்மா."

"தினமும் காலையில டிவியில உக்காந்து சுருக்கத்தைப் பத்திப் பேசறது இவரா?"

"அது பெரிய டாக்டர். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! எந்த மூஞ்சியைக் காட்டி என்னைக் கூப்பிட்டீங்களோ அந்த மூஞ்சி வரணும். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு."

"அவரு படப்பிடிப்புல இருக்காரும்மா."

"முடிச்சுட்டு வரட்டும். எனக்கென்ன, மீனா நாறிப் போகுது?"

கூ டாக்டர் மெல்ல வாயைத் திறந்தார். "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"நீ போய்த் தூங்குப்பா. பார்க்கவே பாவமா இருக்கு."

அரை மணி நேரத்தில் பெரிய டாக்டர் மேங் வந்து சேர்ந்தார். கன்னத்தில் டிவிக்குப் பூசிய பவுடர் இன்னும் கலையவில்லை. பஸ்ஸில் சிரிக்கும் அதே முகம், கொஞ்சம் வெளிறியிருந்தது. மால்சுக் அவர் முகமூடியைத் தானே இறக்கிப் பார்த்து, திருப்தியாகத் தானே மாட்டியும் விட்டாள்.

"தூக்க மருந்து கொடுத்துடலாமே?" என்றார் அவர், நர்ஸிடம் அவசர அவசரமாக.

"வேண்டாம். மரத்துப்போற ஊசி மட்டும் போதும். நான் தூங்கினா நீங்க நழுவிடுவீங்க."

"வலிக்கும்மா."

"மீன் முள்ளு குத்தாத விரலே எனக்குக் கிடையாது. இது என்ன பெரிய வலி? முதல்ல அந்தப் புள்ளையாண்டானை வெளியே அனுப்புங்க."

கூ டாக்டர் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் கூ டாக்டரைப் பார்த்தார். சூயோன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள், பிரார்த்தனையாக இருக்கலாம். பிறகு சூயோனும் கூ டாக்டரும் வெளியே போக, கதவு சாத்திக்கொண்டது.

மால்சுக் கால் நீட்டிப் படுத்தாள். மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. போக்சுன் கேட்காததையெல்லாம் தான் கேட்டுவிட்டோம், போக்சுன் விட்ட பிடியைத் தான் விடவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி தன் கண்ணுக்கு ஒரு குறையும் வராது.

"ஆரம்பிங்க டாக்டர்."

பெரிய டாக்டர் ஊசியை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார். அப்புறம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும், அந்தப் பையனையே கூப்பிடச் சொல்லுங்கம்மா."

"ஏன்?"

"நான் கத்தியைத் தொட்டே பன்னெண்டு வருஷமாச்சு."