காலி ஆணி

கடைசி எலும்புக்கூட்டின் கழுத்தில் கயிறு கட்டி உத்தரத்துக்கு ஏற்றினாள்.

அது ஆடி நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது. பிளாஸ்டிக் சிரிப்பு.

"பேய் ஊருக்கே பேய் வேஷம் போடறோம் பாருங்கக்கா." ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் சாம்பசிவம் சொன்னான். "பெங்களூர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து பயப்படணுமாம். எம் பொண்டாட்டிகூட ஒரு நாள் இருந்தாப் போதாது?"

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள்.

ஹாலோவீன் பார்ட்டி. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. தங்கச் சுரங்கம் மூடி, சனங்கள் மூட்டை கட்டிப் போய், வீடுகளுக்குள் வேம்பு முளைத்துவிட்ட ஊரை ஒரு ராத்திரிக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஜோடனை வேலை அவளுடையது.

அது அவள் பிறந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

சாம்பசிவம் ஒயர் இழுக்க வெளியே போனான். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

அந்தப் பழைய ஷிப்ட் ஆபீஸின் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

டோக்கன் பலகை.

வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, வில்லைக்கு ஒரு நம்பர். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஏறி வந்ததும் மாட்டுவான். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் உள்ளே.

பலகையில் ஒரே ஓர் ஆணி காலி.

412.

அப்பா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மூங்கில் குச்சியை வளைத்து, கலர் காகிதம் ஒட்டி, ஒரு ஸ்டார் செய்து வாசலில் கட்டினார். "நான் வந்துதான் விளக்கு ஏத்துவேன். அதுவரைக்கும் எந்தக் கழுதையும் அதுல கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, அவள் மூக்கு நுனியைத் திருகிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

உள்ளே பாறை சரிந்தது. உடல் கிடைக்கவில்லை.

அம்மா தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாள் வந்து ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகக் கிளம்பும்போது அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். "ஆணிக்கு டோக்கன் வரலை. அப்புறம் என்னடி பூசை? அவருக்கு இன்னும் ஷிப்ட் முடியலை."

இப்போது அம்மா பெங்களூரில், மூன்றாவது மாடியில், கட்டிலில் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வேளாவேளைக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். கால் தரையில் பட்டு மாதக்கணக்காகிறது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆனாலும் மூச்சு அடங்கமாட்டேன் என்கிறது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவர் வந்துரட்டும்" என்கிறாள்.

அம்மாவின் உயிர் இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

பார்ட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பிளாஸ்டிக் டோக்கன்கள் அடித்திருந்தார்கள். தங்க முலாம் மாதிரி பெயின்ட். ஒன்றில் மட்டும் அவள் சொன்ன நம்பர்.

ஜீன்ஸ் பையிலிருந்து அதை எடுத்தாள்.

சுரங்கத்து வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவர் டோக்கனை மாட்டக் கூடாது. மாட்டினால் ஆள் மேலே வந்துவிட்டான் என்று ஆகிவிடும். அப்புறம் யாரும் இறங்கித் தேடமாட்டார்கள்.

மன்னிச்சுடுப்பா.

மாட்டினாள். போட்டோ எடுத்தாள். 'அப்பா டோக்கன் கிடைச்சிருச்சும்மா. மாட்டிட்டேன். இந்தத் தடவை பூசை வெச்சுடலாம்.' அம்மாவுக்கு அனுப்பினாள்.

வெளியே சங்கு ஊதியது.

ஷிப்ட் முடிகிற சங்கு. சுரங்கம் ஓடிய நாளில் ஊர் முழுக்கச் சோற்றுப் பானையை இறக்க வைத்த அதே சங்கு.

வாசலுக்கு ஓடினாள். "சவுண்டு பிரமாதம் சாம்பு! எங்கேருந்து பிடிச்சே?"

கம்பத்தில் சாய்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "ஸ்பீக்கருக்கு இன்னும் லைனே குடுக்கலைக்கா. நீங்கதான் போன்ல போட்டீங்கன்னு நெனச்சேன்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு அடியில், வெகு ஆழத்தில், தண்ணீர் அலம்பியது.

காற்றே இல்லை. அவள் மூக்கு நுனி மட்டும் சில்லிட்டது.

உள்ளே திரும்பினாள்.

பிளாஸ்டிக் டோக்கன் தரையில் கிடந்தது. இரண்டு துண்டாக.

ஆணியில் பித்தளை. பச்சை பூத்துப்போன பித்தளை. 412. அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது.

பலகையிலிருந்து ஈரமான பூட்ஸ் தடங்கள் கிளம்பி, சற்றுமுன் அவள் நின்ற வாசற்படிவரை வந்திருந்தன. அங்கே கொஞ்சம் நின்று, பிறகு தாண்டிப் போயிருந்தன.

போன் அடித்தது.

அம்மா.

"ரெஜீ." குரலில் முனகல் இல்லை. சமையல் முடித்துத் தலைசீவிக் காத்திருக்கும் காலத்துக் குரல். "உங்கப்பா வந்திருக்கார்டி. உள்ளே வரமாட்டேங்கறார். பூட்ஸெல்லாம் சேறாம், நான் திட்டுவேனாம். மூணு மாடி ஏறினதுல மூச்சு வேற வாங்குது மனுஷனுக்கு."

"அம்மா..."

"இரு, இரு. என்னமோ கேக்கறார்."

போனுக்குள், கதவுக்கு அப்பால், ஓர் இருமல். சுரங்கத் தூசி தின்ற நெஞ்சின் இருமல். அதை அவள் ஆயிரம் இருமலில் கண்டுபிடிப்பாள்.

"ஸ்டாரை ஏத்திட்டீங்களான்னு கேக்கறார்டி."

கதவைத் திறக்காதேம்மா என்று கத்த வேண்டும். தொண்டைவரை வந்துவிட்டது.

விழுங்கினாள்.

"ஏத்தலைன்னு சொல்லும்மா. அவருக்காகத்தான் வெச்சிருக்கோம்னு சொல்லு."

"சொல்றேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

போனைத் தலையணையில் வைக்கிற சத்தம்.

பிறகு தரையில் வெறுங்கால்களின் சத்தம். விறுவிறுவென்று.

தாழ்ப்பாள் விலகியது.