தவளை இல்லாத குளம்

சோலார் தகடுகள் பதிக்கவிருந்த இடத்தில், வறண்டு வெடித்துக் கிடந்த குளத்தின் நடுவில் நின்றுகொண்டு, "தண்ணியே இல்ல, தவளை எங்கேருந்து வரும்? ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பும்மா" என்றார் சோலார் கம்பெனி மேலாளர். சுற்றுச்சூழல் ஆய்வுப் பயிற்சியில் ஜெனிபா தனியாகப் பேச வேண்டிய முதல் களம் அது. பயிற்சியாளர் மங்கையர்க்கரசி வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு பக்கத்தில் நின்றாள். அந்தக் கம்பெனியின் அடுத்த ஆய்வு வேலைகளும் மங்கையர்க்கரசிக்கே வருவதாக இருந்தன.

ஜெனிபாவின் குரல் நடுங்கியது. "இன்னிக்குப் பாக்கலைன்னுதான் சார் எழுத முடியும். கோடையில தவளைங்க மண்ணுக்குள்ள போயிடும். மழை பெஞ்சாத்தான் மேல வரும். அப்ப இன்னொரு தடவை வந்து பாக்கணும்."

"அதுவரைக்கும் என் வேலை நிக்கணுமா?"

"ஆமா சார்."

அந்த ஆமாவில் நடுக்கம் இல்லை. நானாக இருந்தால் அதைச் சொல்ல ஊரைச் சுற்றி வந்திருப்பேன் என்று நினைத்த மங்கையர்க்கரசி அவளை வியப்போடு பார்த்தாள்.

மேலாளர் மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. புள்ள ஏதோ புத்தகத்துல படிச்சதைப் பேசுது."

"இந்த ஆய்வுக்குப் பொறுப்பு அவங்கதான் சார். அவங்ககிட்டயே பேசுங்க."

தன் மாணவியை அவள் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெனிபா தலையைத் திருப்பாமல் நிமிர்ந்து நின்றாள். மேலாளர் வெறும் வானத்தைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார்.

பிறகு ஜெனிபாவிடம், "மழை எப்பங்க வரும்?" என்று கேட்டார்.