மாஸ்டர் பாஸ்வேர்ட்

“கலைமணி, அந்த ஆப்போட மாஸ்டர் பாஸ்வேர்ட் என்ன? மறந்து தொலைச்சுட்டேன்.”

போனில் அவள் கணவன் மாதவராஜ்.

“சொல்ல முடியாதுங்க.”

“வெளையாடாத. பயிர் இன்சூரன்ஸுக்குப் பதிய இன்னைக்குத்தான் கடைசி நாள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்தி, நேத்து நீதானே அந்த ஆப்புக்குள்ள போட்டுப் பூட்டின?”

“ஆமாங்க. அதைத் தெறக்கிறது இது ஒண்ணுதான். அதான் சொல்ல மாட்டேன்.”

“கட்டின புருஷன் மேலயே நம்பிக்கை இல்லையா?”

“உங்களை நம்பறேன். ஆனாலும் சொல்ல மாட்டேன்.”

“மூணு ஏக்கர் நெலக்கடலை காஞ்சு போனா யாரு பதில் சொல்றது?”

கலைமணியின் குரல் இறங்கவில்லை.

“பாப்பாரப்பட்டியில எறங்கி, தனியா நின்னு கூப்பிடுங்க. சொல்றேன்.”

“இப்பவே சொன்னா என்ன கொறைஞ்சு போவுது?”

அவள் வாய் திறப்பதற்குள் போனில் கண்டக்டரின் குரல் கணீரென்று கேட்டது.

“ஏண்ணே, உங்க பாஸ்வேர்ட் மாதவராஜ் ஒண்ணு ரெண்டு மூணுதானே? போன வாரம் நீங்க ஸ்பீக்கர் போட்டு அண்ணிகிட்ட கேட்டப்ப பஸ்ல எல்லாருக்கும் கேட்டுச்சே!”

பஸ்ஸே சிரித்தது. பிறகு சிரிப்புச் சத்தம் சட்டென்று அடங்கியது. மாதவராஜ் ஸ்பீக்கரை அணைத்திருந்தான்.

“எறங்கிட்டே கூப்பிடறேன்,” என்றான் மெதுவாக.