பச்சைச் சால்வை

"சோஷியல் ஒர்க்குன்னா சும்மா செய்யறது. அதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? படிக்க வாங்கின பேங்க் லோனை எப்படிக் கட்டுவே?" என்று மகள் மோகனப்பிரியாவைத் தினமும் வறுத்தெடுக்கும் தசரதன், அன்று சென்னை பாடியில் உள்ள தொழிற்சாலையிலிருந்து துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"திங்கக்கிழமை எங்க கம்பெனிக்குப் புது வெல்ஃபேர் ஆபீசர் வராங்க! கேன்டீன் சாம்பார்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் இனிமே அவங்க பொறுப்பு. யூனியன் சார்பா நான்தான் சால்வை போடப் போறேன்!"

"அவங்களுக்கு நல்ல சம்பளமா நைனா?"

"பின்ன? ஆபீசராச்சே! எவ்ளோ கடன் இருந்தாலும் ரெண்டே வருஷத்துல அடைச்சிட்டுப் போயினே இருப்பாங்க."

மோகனப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னா படிச்சிருப்பாங்க?"

"பெரிய படிப்பா இருக்கும். உன்னாட்டம் சோஷியல் ஒர்க்கா படிச்சிருப்பாங்க?"

"அதேதான் நைனா. அந்த வேலைக்கு அதைத்தான் கேக்கறாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்த வுடு. சால்வை இன்னா கலர் வாங்கினே?"

"பச்சை. ஏன்?"

"கடைல குடுத்து மாத்திடு நைனா. எனக்குப் பச்சை பிடிக்காது."