நோரீன் ரூம் வாசலில்

லோவெலின் சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. துண்டு போட்டு மூடிய ஒரு சின்ன வாளியைப் பச்சைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றான்.

முன்னால் நின்ற பெண், தலையில் செருகிய பூவைச் சரிசெய்தபடி திரும்பிப் பார்த்தாள். பட்டப்பகலிலேயே இவ்வளவு ஏற்றிக்கொண்டால் எப்படி என்று தோழியிடம் முணுமுணுத்தாள். பாவம், அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தென்கடல் தீவுக்காரர் வேஷம் போட்டுக் குடிக்கிற சான் டியாகோ டிகி விழாவில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இங்கே எல்லாரும் பூப்போட்ட சட்டையும், கையில் மரச்சிலை முகம் செதுக்கிய குவளை நிறைய ரம்முமாகத்தான் திரிவார்கள். விழாவின் பழைய ஆட்கள் தங்கள் ஓட்டல் அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதை ஓலைக் குடிசையாக மாற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஊற்றிக் கொடுப்பார்கள். அதில் பேர்போனது நோரீன் ரூம். அங்கே குடிக்காவிட்டால் விழாவுக்கு வந்ததே வீண் என்று எவனோ இன்டர்நெட்டில் எழுதித் தொலைத்துவிட்டான்.

விளைவு, வரிசை லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் அந்தக் கதவு திறந்தே கிடக்கும், உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் பேரும் தெரியும். இன்றைக்கு லோவெல் எட்டி எட்டிப் பார்த்தான், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

நேற்று நீச்சல் குளத்தோரம் நோரீன் இதைத்தான் சொன்னாள். இந்தக் கூட்டம் தன்னால் ஆகாது, யாரோடும் ரெண்டு வார்த்தை பேச முடியவில்லை, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்றாள். லோவெல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "போறதுன்னா போ. இங்க ஆளுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டான்.

அவள் உடனே போய், மறுநாள் சாயங்காலம் ஏர்போர்ட் போகிற வேனில் ஒரே ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவனோடு பேச்சே இல்லை.

வேன் கிளம்புவதற்குள் அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவள் இப்படியே போய்விட்டால் அப்புறம் தனக்கு விழாவும் இல்லை, வாழ்க்கையும் இல்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வந்தவுடனே வாசலுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாயிற்று. கூட்டம் பெருத்துவிட்டதால் இந்த வருஷம் வெளியாட்களைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலையோடு நின்ற காவலாளியின் காதோடு லோவெல் உண்மையைச் சொன்னான்.

"இதையே சொல்லிக்கிட்டு வந்த நாலாவது ஆளு சார் நீங்க. மத்த மூணு பேரும் பின்னாடி ஒழுங்கா நிக்கிறாங்க, போய்ப் பாருங்க."

ரிசப்ஷனுக்கு ஓடினான். அங்கே அடையாள அட்டை கேட்டார்கள். பர்ஸும் இல்லை, போனும் இல்லை. அந்த அறைக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், உள்ளே இருந்த கூச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது? மறுபடியும் வந்து கடைசியில் நின்றான்.

ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் க்ளென் கண்ணில் பட்டான். பக்கத்து அறைக்காரன், நல்ல உயரம், கல்யாணம் ஆகாதவன். நோரீனுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டு குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தான். அது தான் நிற்க வேண்டிய இடம் என்று நினைக்க நினைக்க லோவெல் வாளியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பூச் செருகிய பெண் வாளியைக் காட்டி, யாருக்குப் பரிசு என்று கேட்டாள். நோரீனுக்குத்தான் என்றான். சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இந்த வரிசையில பாதிப் பேரு அவங்க மேல பைத்தியம்தான் அங்கிள். கண்ணைத் துடைச்சுக்கிட்டு நில்லுங்க."

அப்போது காவலாளி கையைத் தூக்கினான். நோரீன் மேடம் ஊருக்குக் கிளம்புறாங்க, இனி உள்ளே யாரும் போக முடியாது என்றான். வரிசை முழுக்க உச்சுக்கொட்டியது.

லோவெலுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினான். காவலாளி அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். லோவெல் வாளியை விடாமல், மூடிய கதவைப் பார்த்துக் கத்தினான்.

"நோரீன்! நான் சொன்னது தப்பு. இந்த விழாவே எனக்கு வேண்டாம், நானும் உன்கூட வந்துடறேன்!"

தாழ்வாரமே சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

கதவு திறந்தது. தோளில் பையோடு நோரீன் நின்றாள். அழுது சிவந்த கண். லோவெலைப் பார்த்தாள், அவன் காலரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், லிஃப்ட் வரை நீண்ட கூட்டத்தைப் பார்த்தாள்.

பிறகு வாளியின் மேலிருந்த துண்டை எடுத்தாள். காலையில் அவளே பேசாமல் அவன் கையில் திணித்து ஐஸ் எடுக்க அனுப்பிய வாளி. நிரப்பிக்கொண்டு வந்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகிக் கிடந்தது.

பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அதே துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"ஏங்க... நம்ம ரூமுக்கே வரிசையில நின்னீங்களா?"