ஏழாவது வரி

மாடத்தியின் இன்ஹேலர் என் மேசை மேல் தட்டில் கிடக்கிறது. மாடத்தி இருநூறு அடி தள்ளி, பன்னிரண்டாம் நம்பர் அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

காலையிலிருந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். நான்கு முறையும் போக இடமில்லாமல் உட்கார்ந்தேன்.

தட்டில் செல்போன்கள், பீடிக்கட்டுகள், ஒரு சாவிக்கொத்து, ஒரு ஜோடி கொலுசு. ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்வார்கள். பட்டாசு ஆலையில் வாசல் சோதனை என் பொறுப்பு.

வெளியே ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். ஜெமிமா என்று பேர் சொன்னாள். தாயில்பட்டிப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று வாரம் ஆகிறதாம்.

"மாடத்தி இந்த மாசத்துல மூணு தடவ மூச்சுத் திணறி வந்துருக்கு சார். மூணு தடவையும் ஒங்க கம்பெனி வேன்ல. ஞாயித்துக்கெழம ஒரு தடவகூட வரல."

தட்டிலிருந்த டப்பாவைப் பார்த்தேன்.

"இழுக்கத் தெரியலையோன்னு இழுத்துக் காட்டச் சொன்னேன். சரியாத்தான் இழுக்குது. அப்ப வேலைல திணறுனா என்ன செய்வேன்னு கேட்டா சிரிக்குது. ‘நான் உள்ள டூட்டி பாக்கேன் சிஸ்டரு, அது வாசல்ல டூட்டி பாக்குது’ங்குது."

தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினேன். உள்ளே கொண்டுசெல்லக் கூடாதவை. ஆறு வரிகள் அச்சில் இருக்கும். ஏழாவது வரி கையால் எழுதியது. மூச்சு மருந்து டப்பா.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். டப்பாவின் மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். உள்ளே அழுத்தப்பட்ட வாயு. சூடு படக் கூடாது. துளைக்கக் கூடாது. பக்கத்து ஊரில் ஒரு ஷெட் வெடித்துத் தரைமட்டமான மாதம் அது. இங்கே வேறு யாரும் அந்த எழுத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஜெமிமா பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை எடுத்து மேசையில் வைத்தாள். பொடி அடைத்த மாத்திரையை இதற்குள் போட்டுத் திருகி இழுக்க வேண்டுமாம். வாயு கிடையாது. உலோகம் கிடையாது.

செருப்பில் ஆணி பார்க்கிற காந்தத்தை எடுத்து அதன் மேல் ஓட்டினேன். பிளாஸ்டிக் என்று கண்ணுக்கே தெரிந்தது. இருந்தும் இரண்டு முறை ஓட்டினேன்.

பிறகு எழுந்தேன். இந்த முறை போக இடம் இருந்தது.

மாடத்தி அறை வாசலிலேயே குனிந்து நின்றாள். இரண்டு கையும் முழங்காலில். இமை வரைக்கும் அலுமினியப் பொடி. வா என்றதும் பேச்சு வராமல் தலையை மட்டும் ஆட்டினாள். கை முகம் கழுவவைத்துக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள்.

ஜெமிமா சொல்லச் சொல்ல இழுத்தாள். மூச்சை நிறுத்தினாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின.

"விசிலு மாதிரில்ல இருக்கு. எம் பேரன் பாத்தான்னா பறிச்சிட்டு ஓடிருவான். வயசான காலத்துல என்னைய விசிலடிக்க விட்டுட்டிகளே சிஸ்டரு."

ஜெமிமா சிரித்தாள்.

"இது புதுசா வந்ததா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ரொம்ப வருசமா இருக்கு. டப்பா வாசல்லயே நின்னுரும்னு யாரும் எங்ககிட்ட சொல்லல." பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். "நாங்களும் கேக்கல."

காந்தத்தை அதன் இடத்தில் வைத்தேன். பிறகு எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

வாசல் நோட்டில் மாடத்தி பேருக்கு நேரே, பிளாஸ்டிக் குழாய் உள்ளே அனுமதிக்கப்படுகிறது என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

ஜெமிமா தன் பட்டியலைப் புரட்டினாள்.

"இன்னொரு பேரும் இருக்கு. எழில். இருபத்தாறு வயசு. இதே கம்பெனிதான். பத்து மாசமா மருந்து வாங்க வரல. போன் போட்டாலும் போகல. அவங்களுக்கும் இது குடுத்துரலாம். உள்ள இருக்காங்களா?"

நான் பலகையைப் பார்த்தேன். மாடத்திதான் பேசினாள்.

"அது தவறிப்போச்சு சிஸ்டரு. பன்னெண்டாம் நம்பர்ல எம் பக்கத்துலதான் இருக்கும். மூச்சு முட்டுதுன்னு டப்பா வாங்க வாசலப் பாத்து நடந்துச்சு. பாதி வழிகூட வரல."

ஜெமிமாவின் பேனா நின்றது.

"மொதமொதல்ல டப்பாவ இந்தத் தட்டுல போட்டதே அந்தப் பிள்ளதான். அது போட்ட பெறவு நாங்க எப்பிடி மாட்டோம்னு சொல்ல? நாங்களும் போட்டோம்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள். எங்கேயும் நிற்காமல் நடந்தாள்.

ஜெமிமா மெதுவாக ஓர் அட்டையை உருவினாள்.

"இந்தக் கார்டை முடிக்கணும் சார். வீட்டு ஆளுக கையெழுத்து வேணும். அவுக வீடு எங்கன?"

கையை நீட்டினேன். "குடுங்க."

"நீங்க போட்டா செல்லாது சார். வீட்டு ஆளுகதான் போடணும்."

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கீழே ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. கணவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

"லோடு லாரி வருது. ஸ்கூட்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றேன்.